‘பழக்கமுறிவு’: உலாவியின் முகம் மாறும்போது கை தடுமாறுவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

உலாவியின் புதிய பதிப்பு வந்து அமர்ந்ததும், நேற்றுவரை கை தானாகச் சென்று தொட்ட இடத்தில் அந்தப் பொத்தான் இல்லாமற்போகும் நிலையைத் தமிழில் என்னவென்று சொல்வது எனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்தபின் ‘பழக்கமுறிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

‘மேம்படுத்தல்’ என்ற சொல் இருக்கும்போது அதனுடன் ‘சிக்கல்’ என்று சேர்த்துக்கொண்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதே என் எண்ணம். ‘மேம்படு’ என்ற வினை நன்மையைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், “மேம்படுத்திய பிறகு வேலை கெட்டுவிட்டது” என்று முறையிட வருபவர், முறையீட்டின் முதற்சொல்லிலேயே மாற்றம் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டவராகிவிடுகிறார். இலங்கை வழக்கிலுள்ள ‘தரமுயர்த்தல்’ என்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ‘இற்றைப்படுத்தல்’ இவ்விரண்டையும்விட நேர்மையானது. இன்றைய நிலைக்குக் கொண்டுவருதல் என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிப்பதில்லை. ‘பதிப்பேற்றம்’ என்ற பரிந்துரை நன்றாகவே இருந்தது, ஆனால் கோப்பைப் ‘பதிவேற்றம்’ செய்வதோடு ஓசையிலும் உருவிலும் மிக நெருங்கி நிற்பதால், சிறிய திரையில் படிப்பவர் மயங்குவார்.

இந்தச் சொல்லை நான் தேடத் தொடங்கியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் உலாவியில் கோப்பைப் பதிவிறக்கினால், அது திரையின் அடியில் ஒரு பட்டையாக வந்து நிற்கும். அவர் கண்ணை அங்கே இறக்கி, அதைச் சொடுக்கித் திறப்பார். ஒருநாள் காலை அந்தப் பட்டை இல்லை. பதிவிறக்கத்தின் அடையாளம் வலது மேல்மூலையில் ஒரு சிறிய அம்பாக மாறியிருந்தது. கோப்பு வரவில்லை என்று எண்ணி அவர் மீண்டும் மீண்டும் பதிவிறக்கியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது ஒரே அத்தியாயம், பெயரின் இறுதியில் 1, 2, 3, 4 என்று அடைப்புக்குறிக்குள் எண் ஏறி, ஐந்து படிகளாகக் கோப்புறையில் கிடந்தது. அவற்றுள் இரண்டில் அவர் தனித்தனியே திருத்தமும் செய்திருந்தார். “எனக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கிறது தம்பி” என்றார். மறதி இல்லை ஐயா, இடத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். ஆயினும், அவருக்கு நேர்ந்ததை அவர் குற்றமாக்காமல் பெயரிட்டுச் சொல்ல என்னிடம் அப்போது ஒரு சொல் இல்லை.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியின் பதிப்பு வரலாறே சான்று. 2011 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பில் கீற்றுகள் (டேப்கள்) முகவரிப் பட்டைக்கு மேலே ஏறின, அடியிலிருந்த நிலைப்பட்டை (ஸ்டேட்டஸ் பார்) நீங்கியது. இவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் இன்னொரு மாற்றமும் அதில் இருந்தது. இணைப்பின் மீது வலச்சொடுக்கினால் ‘புதிய சாளரத்தில் திற’ முதலிலும் ‘புதிய கீற்றில் திற’ அடுத்தும் இருந்தவை இடம் மாறிக்கொண்டன. படித்துப் பார்த்துச் சொடுக்குபவருக்கு இது ஒன்றுமில்லை. படிக்காமலே இரண்டாம் வரியைத் தொட்டுப் பழகியவருக்கோ, கீற்று வேண்டிய ஒவ்வொரு முறையும் சாளரம் திறந்தது. கீற்றுகளைப் பழையபடி கீழே வைத்துக்கொள்ளும் தெரிவு 2014 ஏப்ரலில் வந்த 29ஆம் பதிப்போடு போயிற்று. 2021 ஜூனில் 89ஆம் பதிப்பு கீற்றுகளைப் பொத்தான்கள்போல் மிதக்கவிட்டபோது, உலாவியின் உள்ளமைப்புகளைக் காட்டும் ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தில் ஓர் அமைப்பை மாற்றிப் பழைய தோற்றத்தைச் சிலர் மீட்டுக்கொண்டார்கள்; 91ஆம் பதிப்பில் அந்த வழியும் அடைபட்டது.

நிரலாளர்களிடையே இத்தகைய நிலைக்கு ஒழுங்கான பெயரும் நெறியும் உண்டு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு நிரலகத்தை (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பை) நம்பிப் பிற நிரல்கள் ஓடும்போது, அவற்றை உடைக்கக்கூடிய மாற்றத்தை ‘பிரேக்கிங் சேஞ்ச்’ என்கிறோம். அத்தகைய மாற்றம் செய்தால் பதிப்பெண்ணின் முதல் இலக்கத்தை உயர்த்த வேண்டும் என்பது ‘செமாண்டிக் வெர்ஷனிங்’ என்ற பதிப்பெண் இடும் முறையின் விதி. பயனரின் கையும் இடைமுகத்தை நம்பி இயங்குவதுதான், ஆனால் அதன் பொருட்டு எந்த இலக்கமும் உயர்வதில்லை. 2011இன் நடுவிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறையும், 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் ஃபயர்பாக்ஸின் பதிப்பெண் ஏறிக்கொண்டே வருவதால், 88இலிருந்து 89க்குப் போவது பெரிய மாற்றம் என்பதை எண்ணைப் பார்த்து ஒருவரும் அறிய முடியாது. ஆகவே அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். எண்ணிப் பாராமலே கை தானாகச் செய்யும் பழக்கத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘மசில் மெமரி’ என்பதைத் ‘தசை நினைவு’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று தமிழ் எப்போதோ சொல்லிவைத்த சொல் வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் புதிய பதிப்பால் உடைவதற்குப் ‘பழக்கப் பிறழ்வு’ என்று ஒருவர் எழுதினார். ‘மனப்பிறழ்வு’, ‘பிறழ்சாட்சி’ என்ற வழக்குகளைப் பாருங்கள்: பிறழ்வது அந்த ஆளே. என் மெய்ப்பாளர் அஞ்சியதும் அதுதான். ‘முறிவு’ அப்படியன்று, வெளியிலிருந்து வந்த விசையால் நேர்வதாக அது காட்டுகிறது, ‘பிரேக்கிங்’ என்பதன் பொருளோடும் ஒத்துப்போகிறது. மணம் + முறிவு ‘மணமுறிவு’ ஆவது போலவே பழக்கம் + முறிவு ‘பழக்கமுறிவு’ ஆகும். மணமுறிவின் சாயல் கடுமையாக ஒலிக்கிறது என்ற தடை எழலாம். எலும்பு முறிவும் முறிவுதான், அது கூடிவிடுகிறது. பத்து நாளில் அவருடைய கண்ணும் மேல்மூலைக்குப் பழகிவிட்டது.

உதவிப் பக்கங்களில் இதை இப்படிப் பயன்படுத்தலாம்: “இப்பதிப்பில் பதிவிறக்கப் பட்டை மேலே நகர்த்தப்பட்டுள்ளதால் பழக்கமுறிவு நேரும்.” வினையைக் கொண்டு ‘பழக்கத்தை முறிக்கும் மாற்றம்’ என்று விரித்தும் எழுதலாம். பொத்தானிலும் தலைப்பிலும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை; தேடுபொறியில் இரண்டு வடிவமும் வேறுவேறாகப் போய்விடக்கூடும் என்பதால், மென்பொருளைத் தமிழாக்கும் உள்ளூராக்கப் பணியில் இருப்பவர்கள் அதுபற்றிக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.