நட்சத்திர மதிப்பீடா, ஆள் சொல்வதா? நேரம் செலவிடத் தகுந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மழைக்காகிதம் (திரியைத் தொடங்கியவர்)

இரண்டு வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படிக்க எடுத்த புத்தகம், பார்க்க உட்கார்ந்த படம், போனில் இறக்கிய செயலி, எல்லாம் அதில் ஏறும். பக்கத்தில் இரண்டு கட்டம்: எதைப் பார்த்து எடுத்தேன், முடித்தேனா. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். மதிப்பெண்ணைப் பார்த்து எடுத்த 22 புத்தகங்களில் முடித்தது 7. ஆள் சொல்லி எடுத்த 19-ல் முடித்தது 15. படத்திலும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

என் கட்சி இது: தரவரிசை, நட்சத்திரம், 'உங்களுக்காக' என்று தளம் நீட்டும் பட்டியல், எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரசனை தெரிந்த நாலு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பட விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 வாங்கிய படம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது, விமர்சகர்களில் எத்தனை பேர் 'நல்லது' பக்கம் நின்றார்கள் என்ற தலைக்கணக்கு. எல்லாரும் 'ஒரு தடவை பார்க்கலாம்' என்று எழுதிய படத்துக்கு 100 விழும். பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் திட்டித் தீர்த்த படத்துக்கு 50. என் மனதில் தங்கிய படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

கணக்கன்

நோட்டு போட்டதுக்கு ஒரு கும்பிடு. ஆனா கணக்குல ஓட்டை இருக்கு. ஒருத்தர் சொன்ன புத்தகம்னா, அடுத்த தடவை பார்க்கும்போது "படிச்சீங்களா"ன்னு கேப்பாரேன்னு எப்படியாவது முடிச்சிருப்பீங்க. தளம் யாரையும் அப்படிக் கேக்காது. நீங்க அளந்ததுல பாதி முகதாட்சண்யம்.

அப்புறம், பரிந்துரைன்னா என்னவோ எந்திரம் தன் இஷ்டத்துக்குச் சொல்ற மாதிரி எழுதுறீங்க. அதுக்குள்ள இருக்கிறதும் ஆளுங்கதான். 1994-ல குரூப்லென்ஸ்னு ஒண்ண ஆய்வாளர்கள் யூஸ்நெட்ங்கிற பழைய இணைய விவாதக் களத்தோட செய்திகளுக்காகச் செஞ்சு காட்டினப்பவே யோசனை இதுதான்: உங்க மாதிரியே மதிப்பெண் போட்டவங்களக் கண்டுபிடி, அவங்களுக்குப் பிடிச்சத உங்களுக்குக் காட்டு. நீங்க நாலு பேரப் பிடிக்கிறீங்க. அது பல்லாயிரம் பேர்ல உங்க சாயல் உள்ளவங்களத் தேடுது. உங்க நாலு பேர் காதுக்கு எட்டாத ஒரு புத்தகம் உங்க கைக்கு வர வழியே இல்லையே, அதுக்கு என்ன செய்வீங்க?

பழைய வாசகர்

கணக்கன் தம்பி, யோசனை அழகானதுதான். அதை எதற்காக ஓட விடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

நெட்ஃப்ளிக்ஸ் 2006-ல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்ற கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்த வேண்டும். 2009-ல் ஒரு குழு 10.06 சதவீதம் காட்டி வென்றது. கடைசியில் வென்ற அந்த வழிமுறையை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கிடைக்கும் பலன் உழைப்புக்கு ஈடாகாது என்று 2012-ல் அவர்களே எழுதினார்கள். 2017-ல் ஐந்து நட்சத்திரத்தையே எடுத்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று மட்டும் காட்டும் கட்டைவிரலை வைத்தார்கள். அப்போது சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள்: ஆவணப்படத்துக்கு ஐந்து போடுகிறவர்கள், மூன்று போட்ட லேசான படங்களைத்தான் அடிக்கடி பார்க்கிறார்களாம்.

எனக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. நான் மதிப்பது ஒன்று, அசதியில் கை போவது இன்னொன்று. தளத்துக்கு வேண்டியது இரண்டாவது. பத்து மணிக்குச் சோர்ந்து உட்காரும் மனிதனைப் பார்த்து அது என்னை எடைபோடுகிறது. காலையில் எழுந்து "நேற்று இரண்டு மணி நேரம் எங்கே போனது" என்று கேட்பவனும் நான்தானே? அவனிடம் அது எதையும் கேட்பதில்லை. எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நாலாவது 'வாசகரின் நேரத்தைக் காப்பாற்று' என்பது. நல்ல நூலகர் நான் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுவார். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று கையைப் பிடிக்க மாட்டார்.

கணக்கன்

ஐயா, அத ஒத்துக்கிறேன். ஆனா அது வியாபாரத்தோட குத்தம், கணக்கு என்ன பண்ணும்? அதே குரூப்லென்ஸ் ஆய்வுக் குழு 1997-ல ஆரம்பிச்ச மூவிலென்ஸ்ங்கிற படப் பரிந்துரைத் தளம் இன்னிக்கும் வியாபார நோக்கம் இல்லாம ஓடுது. மெனக்கெட்டு அதுல 300 படத்துக்கு மதிப்பெண் போட்டேன். அது காட்டின பட்டியல்லதான் என் கூட்டாளிங்க ஒருத்தரும் கேள்வியே படாத ஒரு பழைய ஊமைப் படம் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அதப் பார்த்துட்டுத் தூக்கமே வரல. எந்த மனுஷனும் அத எனக்குச் சொல்லியிருக்க மாட்டான், ஏன்னா என்னச் சுத்தி இருக்கிறவங்க யாரும் ஊமைப் படம் பார்க்கிறதில்ல.

செவ்வந்தி77

நீங்க எல்லாரும் ரசனையிலேயே நிக்கிறீங்க. செயலிக்கு என்ன வழி? நான் ரொம்ப மதிக்கிற தோழி சொல்லித்தான் ஒரு குறிப்பெழுதும் செயலிய எடுத்தேன். நட்சத்திரமும் 4.7. ஆளும் சரி, மதிப்பெண்ணும் சரி. மூணு வருஷக் குறிப்பு அதுக்குள்ள. திடீர்னு ஒருநாள் மூடப்போறோம்னு அறிவிப்பு வந்துது. வெளியே எடுக்கப் பார்த்தா ஒரே கோப்பா வருது, தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா நிக்குது. அப்பா கடைசியா சொன்ன சில விஷயங்கள அதுலதான் எழுதி வச்சிருந்தேன். திரையில இருக்கிறத ஒவ்வொரு பக்கமா படம் பிடிச்சு வச்சேன்.

அதுக்கப்புறம் எதையும் இறக்கினா முதல் பத்து நிமிஷம் இதுதான் வேலை. விமர்சனங்கள புதுசுலேர்ந்து அடுக்கி, ஐஞ்சையும் ஒண்ணையும் தாண்டி மூணு நட்சத்திரக்காரங்கள மட்டும் படிப்பேன். அவங்கதான் "நல்லாத்தான் இருக்கு, ஆனா"ன்னு எழுதுறவங்க. அந்த 'ஆனா'வுக்குப் பின்னாடி இருக்கிறது எனக்கு ஒத்துவருமான்னு பார்ப்பேன். கடைசியா எப்போ புதுப்பிச்சாங்கன்னு பார்ப்பேன். அப்புறம் மூணு பொய்க் குறிப்பு எழுதி, ஒண்ணுல வேணும்னே "ஸ்ரீ", "கொக்கி", "௧௨"ன்னு போட்டு, உடனே வெளியே எடுத்துப் பார்ப்பேன். உடைஞ்சா அன்னிக்கே நீக்கிடுவேன். ஆண்ட்ராய்டுக்காரங்க எஃப்-டிராய்டுங்கிற செயலிக் களஞ்சியத்தையும் ஒரு எட்டு பாருங்க. மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாத்தலாம்னு விட்டிருக்கிற கட்டற்ற செயலிகள் மட்டும்தான் அங்க இருக்கும். வேவு பார்க்கிற, விளம்பரம் காட்டுற செயலின்னா அந்தப் பக்கத்துலயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க.

மழைக்காகிதம்

செவ்வந்தி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. செயலி விஷயத்தில் என் கட்சியைத் திரும்பப் பெறுகிறேன். அங்கே ஆள் சொல்வது போதாது, கைவைத்துச் சோதிக்க வேண்டும்.

கணக்கன், முகதாட்சண்யம் என்றீர்களே, நோட்டை மறுபடி புரட்டினேன். அந்த 15-ல் நேரில் கேட்கக்கூடியவர்கள் சொன்னது 6. மீதி 9-ம் நான் முகமே பார்த்திராத, ஆனால் வருடக்கணக்காக எழுத்தைத் தொடர்கிற இரண்டு பேர் சொன்னவை. அவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. அந்த ஆறில் இரண்டு நீங்கள் சொன்னபடிதான், முடித்தேன், ஒரு வரி நினைவில்லை.

ஆனால் கூட்டத்தின் தீர்ப்பை நம்பச் சொல்லாதீர்கள். 2006-ல் சயன்ஸ் இதழில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14,000-க்கும் மேற்பட்டோர், யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாடல்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் மட்டும். மற்றவர்களை எட்டு 'உலகங்களாக'ப் பிரித்து, தங்கள் உலகத்தில் எது எத்தனை முறை இறக்கப்பட்டது என்று காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26-வது இடம் வாங்கிய ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-வது இடம்! அதே பாட்டு, அதே குரல். முதலில் வந்த சிலர் கை எங்கே போனதோ, பின்னால் வந்தவர்கள் அங்கேயே போனார்கள். நாம் பார்க்கும் 'இந்த வாரம் முதலிடம்' எந்த உலகத்துடையது?

கணக்கன்

அந்த ஆய்வ முழுசாச் சொல்லுங்க. ரொம்ப நல்ல பாட்டு எந்த உலகத்துலயும் அவ்வளவாத் தோத்துப் போகல, ரொம்ப மோசமானது அவ்வளவா ஜெயிக்கவும் இல்ல. குழப்பமெல்லாம் நடுவுல இருக்கிறதுக்குத்தான். அப்படின்னா அடிமட்டத்தக் கழிச்சுக்கட்ட மதிப்பெண் உதவும்தானே? நான் அதுக்கு மேல கேக்கல.

பழைய வாசகர்

கழித்துக்கட்ட உதவட்டும், தேர்ந்தெடுக்க உதவாது. ஒன்று சொல்கிறேன். நான் தொடரும் விமர்சகர் ஒருவரோடு எனக்கு ஒத்தே போகாது. "மூன்று மணி நேரம், ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு கிழவர் கதவைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறார்" என்று அவர் சலித்துக்கொண்டால், அந்த வாரமே பார்த்துவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை. அவர் தீர்ப்பு எனக்குத் தேவையில்லை. காரணத்தை நேர்மையாக எழுதுகிறார், அது போதும். நட்சத்திரத்தில் அந்தக் கதவும் கிழவரும் இருக்க மாட்டார்கள்.

தவறாக எடுத்துவிட்டால் கீழே வைக்கவும் தெரிய வேண்டும். நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: 50 வயது வரை 50 பக்கம் பொறு, அதைத் தாண்டினால் நூறிலிருந்து வயதைக் கழி. எனக்கு 63. எனவே 37 பக்கம்.

கணக்கன்

சரி ஐயா, இந்த 37 பக்கத்துல நானும் கட்சி மாறிடுவேன் போல. மழைக்காகிதம், ஒரு ஏற்பாடு. உங்க முகம் தெரியாத ரெண்டு பேர்ல ஒருத்தரோட பட்டியல எனக்கு அனுப்புங்க, அதுலேர்ந்து மட்டும் மூணு மாசம் படிக்கிறேன். பதிலுக்கு நீங்க மூவிலென்ஸ்ல 100 படத்துக்கு உண்மையா மதிப்பெண் போட்டுட்டு, அது காட்டுறதுல ஐஞ்சு பாருங்க. முடிச்சீங்களாங்கிற கட்டத்துக்குப் பக்கத்துல இன்னொரு கட்டமும் போடுங்க: ஆறு மாசம் கழிச்சு என்ன ஞாபகம் இருக்கு.

மழைக்காகிதம்

கட்டம் போட்டாயிற்று. பட்டியலைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். முதல் மூன்றை விட்டுவிடுங்கள், அவை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலாவதிலிருந்து தொடங்குங்கள்.