அப்பாவின் ஹெர்குலிஸை அறுத்துச் சுவரில் மாட்டலாமா?

மாடவீதி:
அப்பா போன வருஷம் காலமானார். அவருடைய ஹெர்குலிஸ் சைக்கிள் 1974இல் வாங்கியது, அம்பத்தூர் தயாரிப்பு. கம்பி பிரேக், டைனமோ, தோல் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஊர் வீட்டை விற்றுவிட்டதால் வண்டி இப்போது சென்னையில், எங்கள் இரண்டாம் மாடி வீட்டு ஹாலில் நிற்கிறது. நடக்க இடமில்லை. முன்பாதியை மட்டும் அறுத்து, சுவரிலிருந்து சைக்கிள் வெளியே வருவதுபோல மாட்டலாம் என்று இருக்கிறோம். ஹெட்லைட்டுக்குள் எல்இடி போட்டால் மாலையில் எரியும். பின்சக்கரம் கடிகாரமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் கடைக்காரர் வருகிறார். என்ன சொல்கிறீர்கள்?

குரங்குப்பெடல்:
அறுக்காதீங்க அண்ணே. ஒருமுறை பாரை அறுத்துட்டா எவன் பற்றவச்சாலும் பழைய நேர் வராது.

சைக்கிள் மேல பிரியம் இருக்கிற வீட்டுல அதை அலங்காரமா வைக்கணும்னே அவசியம் இல்ல. தானா தெரியும். எங்க வீட்டு நடைச் சுவர்ல, இடுப்பு உயரத்துல ஒரு கறுப்புக் கோடு. ஹேண்டில் பிடி உரசி உரசி விழுந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மாசிக்குள்ள திரும்ப வந்துடும். பரண்ல ஒரு பிஸ்கட் டின், அதுக்குள்ள பால்ரஸ், வால்வு டியூப், சொலூஷன், உப்புத்தாள். பஞ்சர் பார்க்க அம்மா அரிசி களையுற பேசினைத்தான் எடுப்போம். டியூபைத் தண்ணிக்குள்ள அமுக்கி, குமிழி எங்க வருதுன்னு நாலு தலை குனிஞ்சு பார்க்கும். அம்மா திட்டுவாங்க, ஆனா முதல்ல குமிழியைக் கண்டுபிடிக்கிறது அவங்கதான்.

சுண்ணாம்புச்சுவர்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர் மாடி வீட்டில் இருக்கிறார், நடை வைத்த வீட்டில் அல்ல.

என் பெரியப்பாவின் பிஎஸ்ஏ மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்தி 11 வருஷம் நின்றது. ‘ஓட்டத்தான் போறோம்’ என்று எல்லோரும் சொன்னோம். நின்றே இருக்கும் வண்டியில் காற்று இறங்கும். மொத்த எடையும் டயரில் ஒரே மடிப்பில் உட்காரும். அங்கேதான் ரப்பர் முதலில் வெடிக்கும். கடற்காற்றில் ஸ்போக்ஸ் துருப்பிடித்து, கை வைத்தால் ஒடிந்தது. கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் தூக்கி வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முழு வண்டியும் எடைக்குப் போவதைவிடப் பாதி வண்டி சுவரில் இருப்பது மேல். அறுங்கள்.

மாடவீதி:
எனக்கும் அந்த பயம்தான்.

வெள்ளாற்றங்கரை:
நான் புதுக்கோட்டை. 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே தொடங்கியபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் அம்மா 1992இல், வெயில் தாழ்ந்த பிறகு, கண்மாய்க்கரைப் பொட்டலில் கற்றுக்கொண்டார். அப்போது லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாடு. அதனால் பார் வைத்த வண்டியிலேயே ஏறினார்கள். பிறகு பல பெண்கள் அதையே விரும்பினார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பாரில் துண்டைச் சுற்றி, அதன்மேல் என்னை வைத்து, கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைத் தொங்கவிட்டுத் தண்ணீருக்குப் போவார்.

அதற்கு முன்பும் எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தது. அது அப்பா வண்டி. அவர் எடுத்தால் போகும், இல்லையென்றால் திண்ணையில் சாய்ந்து நிற்கும். அம்மா ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அதை ராத்திரியில் வீட்டுக்குள் ஏற்றினோம். குதிருக்கும் நிலைக்கும் நடுவில் இன்றும் அங்கேதான் நிற்கிறது. சாவி அம்மாவின் முந்தியில்.

அண்ணா, உங்கள் வீட்டில் அந்த வண்டியில் யார் யார் போனார்கள்? அப்பா மட்டும்தானா? அறுப்பதற்கு முன் உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சுண்ணாம்புச்சுவர்:
சகோதரி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அவர் ஓட்டினார், அதனால் அந்த வண்டிக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது. இங்கே யார் ஓட்டுவது? இரண்டு மாடி தூக்கி இறக்கி, இந்தப் போக்குவரத்தில்? ஓட்டாத வண்டியைக் கட்டிக் காப்பதும் ஒருவகை வருத்தம்தான்.

குரங்குப்பெடல்:
ஓட்டலாம். 28க்கு ஒன்றரை டயர் இன்னைக்கும் கடையில கிடைக்குது. ஒரு ஓவராயில், ரெண்டு டயர் டியூப், பிரேக் கட்டை, அவ்வளவுதான். இடம் இல்லைன்னா சுவர்ல முழு வண்டியாவே மாட்டுங்க. 20 கிலோ பக்கம் வரும், அதனால கான்கிரீட் தூண் பார்த்து ஆங்கர் போல்ட் அடிக்கணும். வெறும் பூச்சுல அடிச்சா சுவரோட வந்துடும். அதுவும் முடியலைன்னா பேப்பர் போடுற பையனுக்குக் கொடுங்க. வண்டி தினமும் உருளும்.

மாடவீதி:
அம்மாவிடம் கேட்டேன். அவர் ஹாலுக்கு வந்து, கேரியரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ‘கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுலதான உக்காந்து போனேன். நீ பிறக்கிற அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கும் இதுலதான். முன்னாடி இருக்கிறதெல்லாம் எனக்கு உங்கப்பா முதுகு மறைச்சது’ என்றார்.

நாங்கள் வைத்துக்கொள்ள நினைத்தது முன்பாதி. கேரியர் இருப்பது நாங்கள் கழிக்க நினைத்த பாதியில்.

வெல்டிங் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சுண்ணாம்புச்சுவர்:
அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று எழுதுங்கள்.

டயர் மாற்றும்போது ரிம்முக்குள் இருக்கும் நாடாவையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய நாடா இற்றுப்போயிருக்கும், ஸ்போக் முனை புது டியூபைக் குத்திவிடும்.