லுக்லா ஓடுபாதை: சரிவு காக்கிறதா, கவிழ்க்கிறதா?

மலைநாடன்:
எவரெஸ்ட் அடிவார முகாம் பற்றிய இழையில் வானம்பாடி, "லுக்லா ஓடுபாதையைச் சரிவாகப் போட்டதுதான் அங்கே நடக்கும் விபத்துகளுக்குக் காரணம்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. லுக்லா, எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடப்பவர்கள் வந்து இறங்கும் நேபாள மலை விமான நிலையம். ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். ஒரு முனையைவிட மறுமுனை சுமார் 60 மீட்டர் உயரம். இறங்கும் விமானம் மேடேறுவதால் வேகம் மட்டுப்படுகிறது. கிளம்பும் விமானம் இறக்கத்தில் ஓடுவதால் சட்டென்று வேகம் பிடிக்கிறது. 2,800 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு என்பதால், வேகக் கருவி காட்டுவதைவிட உண்மையான வேகம் 15 சதவீதம்வரை கூடுதல்; நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும். சரிவு இல்லையென்றால் மேல்முனையில் நிற்கும் மலையில் மோத வேண்டியதுதான்.

வானம்பாடி:
மேடேறினால் வேகம் குறையும் என்பது சைக்கிள் மிதிக்கும் சிறுவனுக்கும் தெரியும். பாடம் எடுத்ததற்கு நன்றி. நான் சொன்னது சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தைய கட்டத்தை. மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதையைப் பார்க்கும் விமானிக்கு, தான் தேவைக்கு மேல் உயரத்தில் வருவதுபோலத் தோன்றும். உடனே தாழ்வார். லுக்லாவில் தாழ்ந்தால் ஓடுபாதைக்குக் கீழே மலைச்சரிவு. 2008 அக்டோபர் 8 அன்று அங்கேதான் ஒரு விமானம் மோதி 18 பேர் இறந்தார்கள். தலைமை விமானி மட்டும் பிழைத்தார்.

மலைநாடன்:
அந்த விபத்து மூடுபனியில் நடந்தது! ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கண்மயக்கம் எங்கிருந்து வந்தது? பனியின் பழியைச் சரிவின் தலையில் கட்டாதீர்கள்.

இளவெயினி:
இருவரும் காற்றை மறந்துவிட்டீர்கள். தென்மேற்குப் பக்கத்திலிருந்து வந்து இறங்கி, வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்ப வேண்டிய ஓடுபாதை அது. நண்பகலை நெருங்கும்போது பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று, இறங்கும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் காலையிலேயே பெரும்பாலான விமானங்களை முடித்துவிடுகிறார்கள்.

மலைநாடன்:
காற்றைப் பற்றி யார் கேட்டார்கள்? கேள்வி சரிவைப் பற்றியது. பின்காற்று தள்ளும்போதும் விமானத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த மேடுதான்.

கரிகாலன்:
சரிவு கிடக்கட்டும். பருவ காலத்தில் காத்மாண்டு விமான நிலையத்தில் நெரிசல் என்று லுக்லா விமானங்களை, சாலையில் பல மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலி விமான நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். காத்மாண்டுவிலிருந்து என்று சொல்லித்தான் முகவர் எனக்கு டிக்கெட் விற்றார். கடைசியில் நள்ளிரவு தாண்டி ஜீப்பில் ஏற்றி, வளைவுகளில் குலுக்கி எடுத்து, விடிவதற்குள் மந்தலியில் இறக்கிவிட்டார்கள். விமானப் பயணம் 20 நிமிடம்தான். அதற்குள் உடம்பு நைந்துவிட்டது.

மலைநாடன்:
பயணத்துக்கு முன் விசாரித்திருந்தால் இந்தப் புலம்பலுக்கு வேலையே இருந்திருக்காது. ராமேச்சாப் விஷயம் ஊரறிந்தது. பருவ காலத்தில் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே எங்கிருந்து விமானம் என்பதுதான்.

கரிகாலன்:
ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைத் திட்டுவது உங்கள் வழக்கம். லடாக்கின் லே பயணம் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மலைநாடன்:
லே இழையில் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். உயரத்துக்கு உடம்பு பழகாமல் முதல் நாளே கணவாய் ஏறக் கிளம்புகிறவருக்கு வேறு என்ன சொல்வது?

வானம்பாடி:
பேச்சை மாற்ற வேண்டாம். 2019 ஏப்ரலில் லுக்லாவில் கிளம்பிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற ஹெலிகாப்டரில் மோதி மூவர் இறந்தார்களே, அதிலும் பனியா? அன்று ஓடுபாதை தெரிந்ததல்லவா? இறக்கத்தில் வேகம் பிடித்துவிட்ட விமானத்தை நிறுத்த முடியுமா? சொல்லுங்கள்.

மலைநாடன்:
அது பக்கவாட்டில் திரும்பியது. சரிவு கீழ்நோக்கி இழுக்கும், பக்கத்துக்கு இழுக்காது. 1964-இல் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி முன்னின்று ஷெர்பாக்களைக் கொண்டு அமைத்த களம் அது. 2001-இல்தான் தார் போட்டார்கள். அத்தனை ஆண்டுகள் வெறும் மண்ணில் விமானங்களை இறக்கியதில் அந்தச் சரிவுக்குப் பங்கில்லையா?

வானம்பாடி:
சமதளம் கிடைக்காத மலையில் வேறு வழியின்றிப் போட்டது அது. கிடைத்ததை வைத்துச் சமாளித்ததைச் சாதனையாக்க வேண்டாம். கண்மயக்கம் பற்றிக் கேட்டேன், இதுவரை பதில் இல்லை.

இளவெயினி:
அந்த மயக்கத்துக்கு ஈடுகொடுக்கத்தானே அங்கே இறங்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி தருகிறார்கள்?

வானம்பாடி:
பயிற்சி தேவைப்படுகிறது என்றாலே அங்கே ஆபத்து இருக்கிறது என்றுதான் பொருள்.

மலைநாடன்:
பயிற்சி எல்லா விமான நிலையத்துக்கும் தேவை. மறுபடியும் கேட்கிறேன்: 527 மீட்டரில், சரிவே இல்லாமல், அங்கே இறங்கும் டுவின் ஆட்டர் போன்ற சிறு விமானத்தை எப்படி நிறுத்துவீர்கள்? கணக்கோடு வாருங்கள்.

வானம்பாடி:
நீங்கள் 2019-க்குக் கணக்கோடு வாருங்கள். பிறகு நான் வருகிறேன்.

கரிகாலன்:
திரும்பி வரும்போது லுக்லாவில் வானிலை சரியில்லை என்று விமானத்தை ரத்து செய்தால், அதே டிக்கெட்டில் மறுநாள் ஏற்றுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைநாடன்:
தனி இழை தொடங்கிக் கேளுங்கள். இங்கே பேச்சு சரிவைப் பற்றி.