வெள்ளரியும் தக்காளியும் தவிர எதையும் தொடாத ஆமைக் குட்டி, எப்படிப் பழக்குவது?

கேள்வி:

வணக்கம். சித்தப்பா வீடு மாறும்போது, அவர் வளர்த்த சல்கேட்டா ஆமையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்கும் குட்டி. அங்கே அதற்குத் தினமும் வெள்ளரிக்காய், தக்காளி, நடுநடுவே வாழைப்பழம், அவ்வளவுதான். இங்கே வந்ததும் புல் போட்டேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலை வைத்தால் அதை மிதித்துக்கொண்டு தக்காளித் துண்டைத் தேடிப் போகிறது. மலமும் இளகலாக இருக்கிறது. ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் லேசாக மேடு தட்டுகிறது. புரதம் கூடினால் இப்படி வரும் என்று ஒருவர் சொல்கிறார், கால்சியம் குறைவு என்று இன்னொருவர். பட்டினி போட்டால் தானாக இலைக்கு வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:

பட்டினி போடாதீர்கள். வளர்ந்த ஆமை சில நாள் சாப்பிடாமல் தாங்கும், குட்டிக்கு அந்த இருப்பு கிடையாது.

சல்கேட்டா சஹாராவின் தெற்கு ஓரத்து வறண்ட புல்வெளியில் மேயும் ஆமை. நார் மிகுந்த புல்லையும் இலையையும் குடலின் பின்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அங்கே தினமும் பழச் சர்க்கரை போய்ச் சேர்ந்தால் அந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டுவிடும், மலம் இளகுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் தக்காளி, வாழைப்பழம் இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். வெள்ளரியை மட்டும் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றாலும் பழக்குவதற்கு உதவும்.

செம்பருத்தி இலை, மல்பெரி இலை, டேன்டேலியன் (மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களைச்செடி), முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், இதில் கிடைப்பதைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, துருவிய வெள்ளரியோடு நன்றாகப் பிசைந்து வையுங்கள். வெள்ளரியை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாதபடி கலந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை வெள்ளரியைக் குறைத்து இலையைக் கூட்டுங்கள். புல்லை அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம். இந்த அளவுக் குட்டிகளால் முற்றிய புல்லைக் கடித்து இழுக்க முடியாது, பல குட்டிகள் அதைத் தொடாததற்கு அதுவே காரணம். இளம்புல்லைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டித் தூவுங்கள். ஆமைகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் கண்ணில் படும், உங்களுடையது தக்காளியைத் தேடி ஓடுவதிலும் நிறத்துக்குப் பங்கு உண்டு. செம்பருத்திப் பூவிதழைக் கிழித்து மேலே போட்டால் தக்காளியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

காலையில், விளக்கடியில் உடம்பு சூடேறிய பிறகு வையுங்கள், உடம்பு குளிர்ந்திருந்தால் பசியும் இருக்காது, செரிமானமும் நடக்காது. மண்ணில் போடாமல் தட்டையான கல்லில் வைத்தால் மணல் வயிற்றுக்குள் போகாது. பூச்சிமருந்து அடித்த செடி கூடவே கூடாது.

பதில் 2:

ஓட்டு மேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புரதத்தால் வருகிறது என்று நீண்டகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சல்கேட்டா குட்டிகளையே வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு அதிகம், புரதத்தால் வந்த வித்தியாசம் சொற்பம். எனவே சாப்பாட்டை மாற்றுவதோடு நிறுத்திவிடாமல், குட்டி பதுங்கும் இடத்தை ஈரமாக வையுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். தண்ணீர் அதன் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும். சிறுநீரோடு வரும் வெள்ளைப் பொருள் மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. ஏற்கெனவே வந்த மேடு போகாது, இனி வளரும் பகுதி மட்டமாக வரும்.

ஓட்டை அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா? அமுங்கினால் அது வேறு பிரச்சினை, எலும்பு நோய். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பதில் 3:

கால்சியம்: உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் குறைந்தது இரண்டு பங்காவது இருக்க வேண்டும். வாழைப்பழத்தில் இது தலைகீழ். பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடியை வாரத்தில் சில நாள் ஒரு சிட்டிகை இலையில் தூவினால் போதும், கூடவே கணவாய் மீன் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவையுங்கள், வேண்டும்போது கொறித்துக்கொள்ளும், அலகும் தேயும். ஆனால் புற ஊதா பி கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் அந்தக் கால்சியம் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நேரடி வெயிலோ அதற்கான விளக்கோ கட்டாயம் வேண்டும். வெயிலில் விட்டால் ஒதுங்க நிழலும் இருக்கட்டும்.

பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்றைக்காவது ஓர் இலை போனால் ஒன்றும் ஆகாது, தினசரி சாப்பாடாக வேண்டாம். அவகாடோ, ரொட்டி, பால், நாய் பூனைத் தீனி எதுவுமே கூடாது.

பதில் 4:

பழம் கூடவே கூடாதா? நான் வளர்ப்பது சிவப்புக்கால் ஆமை, பப்பாளி விரும்பிச் சாப்பிடும், நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் 1 எழுதியவர்:

உங்களுடையது வேறு கதை. சிவப்புக்கால் ஆமை காட்டில் உதிர்ந்த பழம், காளான், எப்போதாவது புழு பூச்சிகூடச் சாப்பிடும், அதன் உணவில் பழத்துக்கு இடம் உண்டு. சல்கேட்டாவுக்கு அதைப் பொருத்தக் கூடாது. எந்த இனம் என்று தெரியாமல் உணவுப் பட்டியல் கொடுப்பதே தவறு.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது. கடையில் விற்கும் ஆமைத் தீனி உருண்டை கொடுக்கலாமா? மலம் எத்தனை நாளில் சரியாகும்?

பதில் 2 எழுதியவர்:

புல்லை மூலப்பொருளாக வைத்துச் செய்த உருண்டை என்றால், ஊறவைத்து இலையோடு கொஞ்சம் கலக்கலாம், அதையே முழுச் சாப்பாடாக்க வேண்டாம். மலத்துக்காகக் காத்திருக்காதீர்கள். குடல் புழு இருந்தாலும் இப்படித்தான் இளகும், பார்வையில் பிரித்துச் சொல்ல முடியாது. புதிதாகப் போன மலத்தைக் காயாமல் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே கொடுங்கள். நாய்க்கு வாங்கிய புழு மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், அதில் சில வகை ஆமையைக் கொன்றுவிடும்.