பி பிளாக் குழு: சைக்கிள் பாலிசியில எதுக்கெல்லாம் பணம் வராது?

*சனிக்கிழமை*

உமா பி-204, காலை 7:42
எல்லாருக்கும் காலை வணக்கம். கிஷோருக்கு நேத்து கியர் சைக்கிள் எடுத்தோம், 42,500 ரூபா. கடையிலயே ஒரு வருஷ இன்சூரன்ஸ் போட்டுத் தர்றாங்களாம், திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். பாலிசி பிடிஎஃப் 14 பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அதுல எக்ஸ்க்ளூஷன்ஸ்னு, அதாவது பணம் தர மாட்டோம்ங்கிற விலக்குகள், ஒன்றரைப் பக்கம் இருக்கு. அதை மட்டும் கவனமாப் படிச்சா போதுமா? சங்கரன் சார், இது உங்க துறை, கொஞ்சம் சொல்லுங்களேன்.

சங்கரன் சார் பி-101, 7:58
போதாதும்மா. அந்த ஒன்றரைப் பக்கத்துல போர், அணு விபத்து, குடிச்சுட்டு ஓட்டுறது, தேய்மானம்னு வழக்கமா வர்றதுதான் இருக்கும். கிளெய்மைக் கவுக்கிற வரிகள் வேற இடத்துல உட்கார்ந்திருக்கும். டெஃபனிஷன்ஸ் (எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்), கண்டிஷன்ஸ், அப்புறம் ஷெட்யூலுக்கு (உன் பேர், பொருள், தொகை எல்லாம் இருக்கிற பக்கம்) அடியில பொடி எழுத்து. முதல்ல டெஃபனிஷன்ஸ் பக்கம் எடு. 'தெஃப்ட்'னு இருக்கா, 'பர்க்ளரி'னு இருக்கா?

உமா, 8:03
பர்க்ளரின்னுதான் இருக்கு சார். கட்டடத்துக்குள்ள பலவந்தமா நுழைஞ்சு எடுக்கிறது, அதுக்குக் கண்ணுக்குத் தெரியற அடையாளம் இருக்கணும்னு போட்டிருக்கு.

சங்கரன் சார், 8:11
அப்ப உன் பாலிசியில பெரிய விலக்கே அந்த ஒரு வரிதான். பகல்ல நம்ம கேட் திறந்தே கிடக்கு. ஒருத்தன் உள்ள வந்து சைக்கிளை உருட்டிட்டுப் போயிட்டான்னு வெச்சுக்கோ. நமக்கு அது திருட்டு, போலீசுக்கும் திருட்டு. பாலிசிக்கு அது பர்க்ளரி இல்ல, எதையும் உடைக்கலையே. டியூஷன் வாசல்லயோ கடைத்தெருவுலயோ போனா இன்னும் மோசம், அங்க 'கட்டடம்'ங்கிற பேச்சே கிடையாது. பிள்ளைங்க சைக்கிள் பெரும்பாலும் தொலையறது அந்த மாதிரி இடத்துலதான்.

நஸ்ரின் பி-303, 8:20
இதுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு உமா. 2004, யுனைடெட் இந்தியா எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால். பலவந்தம் வேணும்னு பாலிசி சொன்னா, பலவந்தம் இல்லாத திருட்டுக்குக் கம்பெனி தர வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க. கன்ஸ்யூமர் கோர்ட்ல கம்பெனி வக்கீல் முதல்ல நீட்டுறது இதைத்தான். 'தெஃப்ட்'னு தனியா கவர் இருக்கிற பாலிசி இருக்கான்னு கேளுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அதுதான் உபயோகம்.

கார்த்தி பி-402, 8:24
நம்ம ஸ்டில்ட் பார்க்கிங்ல, கட்டடத்துக்கு அடியில தூணோரம் நிக்குதே, அது கட்டடத்துக்குள்ளயா வெளியவா? 🤔

சங்கரன் சார், 8:33
நல்ல கேள்வி. அது காமன் ஏரியா, உன் வீடு இல்ல. அதனால பல பாலிசி இப்படி எழுதும்: பொது இடத்துல நிறுத்தினா, அசைக்க முடியாத ஒண்ணோட சேர்த்துப் பூட்டியிருக்கணும், பூட்டை உடைச்சு எடுத்திருக்கணும். வீல்ல மட்டும் ஒரு வளையம் மாட்டி ஸ்டாண்ட் போட்டு நிறுத்துறது இந்தக் கணக்குல பூட்டினது ஆகாது. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போயிடலாமே. ராத்திரி இத்தனை மணிக்கு மேல வெளிய நின்னா கவர் இல்லன்னும் சிலதுல இருக்கும். அதையும் தேடு.

பாஸ்கர் அண்ணா சைக்கிள் கடை, 8:41
பூட்டு விஷயம் நான் சொல்றேன். கடையில சைக்கிளோட ஃப்ரீயாத் தர்ற கேபிள் பூட்டு, மேல பிளாஸ்டிக், உள்ள நூல் மாதிரி கம்பிங்க முறுக்கி வெச்சது. வெளிய 12 மில்லி தெரிஞ்சாலும் உள்ள கம்பி அவ்வளவு கிடையாது. கட்டர் வெச்சா சில செகண்டு. யு-லாக் வாங்குங்க, தண்டு 13 மில்லிக்குக் குறையாம, கெட்டிப்படுத்தின எஃகு.

பூட்டுற இடம்: பின் சக்கரம், ஃப்ரேமோட பின் முக்கோணம், சுவத்துல பதிச்ச கம்பி, மூணையும் ஒரே யு-லாக் பிடிக்கணும். முன் சக்கரத்துக்கு கேபிளை அதே யு-லாக்ல கோர்த்துடுங்க. கிஷோர் சைக்கிள்ல முன் சக்கரம் க்விக் ரிலீஸ், லீவரைத் திருப்பினா கையோட வந்துடும்.

சங்கரன் சார், 8:46
பாஸ்கர் சொன்ன முன் சக்கரம் ஒரு தனி விலக்கு. முழு சைக்கிளும் சேர்ந்து திருடு போனாத்தான் ஆக்சசரிக்குப் பணம்னு எழுதியிருப்பாங்க. லைட், கம்ப்யூட்டர், பம்ப் மட்டும் போனா கிடையாது. சக்கரமும் சீட்டும் 'பார்ட்'டா 'ஆக்சசரி'யான்னு சண்டை வரும், மெயில்ல கேட்டு வெச்சுக்கணும். டயரும் அப்படித்தான், சைக்கிளுக்கும் அதே நேரத்துல அடிபட்டாத்தான் டயருக்குக் கணக்கு. பஞ்சர், பக்கச்சுவர் கிழிசல், பெயின்ட் கீறல் எதுக்கும் வராது.

ஜெயந்தி பி-203, 9:02
உமா, நாங்க வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா போட்டிருக்கோம். நீங்களும் போட்டீங்கல்ல? வீட்டுச் சாமான்ல சைக்கிளும் வந்துடாதா?

சங்கரன் சார், 9:15
ஜெயந்தி, இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2021 ஏப்ரல்லேர்ந்து வந்த அந்தப் பாலிசி தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் மாதிரி ஆபத்துக்கு. அதுல திருட்டு, இந்த மாதிரி ஒரு சம்பவம் நடந்து, அதனால, 7 நாளுக்குள்ள நடந்தாத்தான் சேரும். வெள்ளத்துல வீட்டை விட்டுப் போயிருக்கறப்ப எவனோ உள்ள புகுந்தா கிடைக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி பூட்டை உடைச்சா கிடைக்காது. வீட்டுக்கு வெளிய இருக்கிற பொருளைத் திருடினதையும் தனியா விலக்கியிருக்காங்க. அதனால ஸ்டில்ட்ல நிக்கிற சைக்கிளை அதை நம்பி விட முடியாது.

ஜெயந்தி, 9:17
ஐயோ, பர்க்ளரியும் சேர்ந்ததுன்னே நினைச்சுட்டிருந்தேன்.

சங்கரன் சார், 9:19
தனியா பர்க்ளரி கவர் சேர்த்தாத்தான் உண்டு. உன் ஷெட்யூலை அனுப்பு, பாக்குறேன்.

உமா, 9:26
சரி சார், திருட்டு புரிஞ்சுது. விழுந்து அடிபட்டா? 'மெக்கானிக்கல் பிரேக்டவுன்' கிடையாது, 'ஆக்சிடென்ட்' உண்டுன்னு இருக்கு. ரெண்டையும் எப்படிப் பிரிப்பாங்க?

பாஸ்கர் அண்ணா, 9:40
அதிகமாத் தகராறு வர்றது பின் கியர்லதான். பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தும்போது டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாத்துற பாகம்) ஸ்போக்குக்குள்ள போய்ச் சிக்கும். அதை ஃப்ரேமோட பிடிக்கிற ஹேங்கர் வளையும், ஸ்போக் நாலஞ்சு போகும், சில சமயம் டீரெய்லரே ரெண்டாப் போயிடும். பாக்க விபத்து மாதிரியே இருக்கும். காரணம் ரெண்டா இருக்கலாம். அது எவ்வளவு தூரம் நகரலாம்னு நிறுத்துற லிமிட் ஸ்க்ரூவைச் சரியா வைக்கலைன்னா பராமரிப்புக் குறை, பணம் வராது. முன்னாடி வலது பக்கமா விழுந்து ஹேங்கர் உள்பக்கம் வளைஞ்சிருந்தா, அந்த விழுந்ததுதான் விபத்து.

சங்கரன் சார், 9:52
சர்வேயர், அதாவது சேதத்தைப் பாக்க கம்பெனி அனுப்புற ஆள், இதை எப்படிப் பாப்பாங்கன்னு சொல்றேன். உடைஞ்ச இடத்தை அப்புறம்தான் பாப்பாங்க. வலது பெடல் நுனி, வலது கைப்பிடி முனை, பிரேக் லீவர், சீட்டோட வலது ஓரம், இந்த நாலு இடத்துல தரை தேய்ச்ச புதுக் கீறல் இருக்கான்னு பாப்பாங்க. சைக்கிள் தனியா ஒரு இடத்துல மட்டும் விழாது. அந்தக் கீறல் எதுவும் இல்லாம டீரெய்லர் மட்டும் நொறுங்கியிருந்தா ரிப்போர்ட்ல 'மெக்கானிக்கல்'னு எழுதிடுவாங்க.

அதனால விழுந்த உடனே, கழுவாம, துடைக்காம, வலது பக்கம் இடது பக்கம் முழு சைக்கிளும் தெரியற மாதிரி படம் எடுங்க, அப்புறம் கீறல் ஒவ்வொண்ணையும் கிட்டத்துல. உடைஞ்ச பார்ட்டை சர்வே முடியற வரை தூக்கிப் போடக் கூடாது.

பாஸ்கர் அண்ணா, 9:58
பழைய செயினையும் சொல்லிடறேன். விபத்துல செயின் அறுந்தா, தேய்மான அளவு பாப்பாங்க. 12 முழுக் கண்ணி (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒண்ணு), முள்ளுலேர்ந்து முள்ளு, புதுசுல 304.8 மில்லி. 307-ஐத் தொட்டுச்சுன்னா செயின் முடிஞ்சது, விபத்து நடக்கலைன்னாலும் மாத்த வேண்டியதுதான். சர்வீஸ் பில்லை வெச்சிருந்தா இங்க உதவும், தேதியோட.

ஆல்பர்ட் பி-104, 10:10
நான் 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது நெடுந்தூர சைக்கிள் ரைடு போறேன். ரேஸ் கிடையாது, பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், அவ்வளவுதான். பரிசும் இல்ல, இடமும் இல்ல. 'ரேஸிங்' விலக்குல மாட்டுமா?

சங்கரன் சார், 10:21
வாசகத்தைப் பொறுத்தது ஆல்பர்ட். வெறும் 'ரேஸிங், பேஸ்மேக்கிங்'னு மட்டும் இருந்தா நீ வாதாடலாம். 'ரிலையபிலிட்டி டிரையல்', 'நேரக் கணக்கு உள்ள நிகழ்ச்சி'ன்னு சேர்த்திருந்தா பிரவே அதுக்குள்ள வந்துடும். நேரக் கெடு இருக்கில்ல? போறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட மெயில்ல கேளு. ஏஜென்ட் போன்ல 'ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்'னு சொல்றது நாளைக்கு நிக்காது.

பணம் வாங்கி ஓட்டுறதும் விலக்கு. காலேஜ் பையன் சாயங்காலம் சாப்பாடு டெலிவரி பண்றான்னா அந்தச் சைக்கிள் 'சொந்த உபயோகம்' இல்ல.

கார்த்தி, 10:25
என்கிட்ட இருக்கிறது இ-சைக்கிள். இதே பாலிசி போடலாமா?

சங்கரன் சார், 10:34
250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துல மோட்டார் நிக்கிற மாதிரி இருந்தா சைக்கிள். மோட்டாரோட அந்த வேக வரம்பை எடுத்து விட்டுட்டா சட்டப்படி அது மோட்டார் வாகனம் ஆயிடும். அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன், தேர்ட் பார்ட்டி எல்லாம் வேணும், சைக்கிள் பாலிசி மொத்தமா செல்லாது. பேட்டரி தானாப் பழுதாகிறது, ஷார்ட் ஆகிறது பொதுவா விலக்குதான். வெள்ளத் தண்ணியில நின்ன பேட்டரியை சார்ஜ்ல போட்டுப் பாக்காதீங்க. கிளெய்ம் போறது ஒரு பக்கம், தீப்பிடிக்கும்.

உமா, 10:41
வெள்ளம்னதும் ஞாபகம் வருது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஸ்டில்ட்ல தண்ணி நின்னா?

பாஸ்கர் அண்ணா, 10:50
வெள்ளம் கவர்ல இருக்கும், துரு விலக்குல இருக்கும். அங்கதான் மாட்டும். தண்ணி ஹப்புக்குள்ளயும் பெடல் அச்சுக்குள்ளயும் போய் கிரீஸைக் கரைச்சுடும். ரெண்டு வாரம் அப்படியே விட்டா பேரிங் துருப்பிடிச்சு கரகரன்னு சத்தம் வரும், அப்ப 'இது நாள்பட்ட துரு'ன்னு சொல்லிடுவாங்க. தண்ணி நின்ன கோடு சுவத்துலயும் சக்கரத்துலயும் தெரியற மாதிரி படம் எடுத்து அன்னைக்கே கம்பெனிக்கு அனுப்புங்க. சர்வேயர் வர லேட்டாகும்னா, சர்வீஸுக்குப் பிரிக்கிறோம்னு மெயில் போட்டுட்டு ரெண்டு மூணு நாளுக்குள்ள பிரிச்சு, துடைச்சு, கிரீஸ் வெச்சுடணும்.

நஸ்ரின், 11:05
திருட்டுப் புகார் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும். ஸ்டேஷன்ல பதட்டத்துல 'சைக்கிளைக் காணோம்'னு எழுதிக் கொடுத்துடறோம். அவங்க சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு மட்டும்) கொடுத்து அனுப்பிடுவாங்க. கம்பெனி கேக்கிறது எஃப்ஐஆர். தவிர, 'காரணம் தெரியாமல் காணாமல் போனது'ங்கிறது பல பாலிசியில நேரடி விலக்கு. நம்ம கையெழுத்துலயே அதை எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்க: "இரவு 10 மணிக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கில் சுவர்க் கம்பியோடு பூட்டி வைத்திருந்தேன். காலை 6 மணிக்குப் பார்த்தபோது பூட்டு அறுக்கப்பட்டுக் கீழே கிடந்தது. சைக்கிள் திருடப்பட்டுள்ளது." ஃப்ரேம் நம்பர், பில் மதிப்பு ரெண்டும் கண்டிப்பா இருக்கணும். மதிப்பு ஏன்னா, 2024 ஜூலைலேர்ந்து வந்த புதுச் சட்டத்துல 5,000 ரூபாய்க்குக் குறைஞ்ச திருட்டுக்கு போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். அறுந்த பூட்டைக் கையால தொடாம படம் எடுத்து, பத்திரமா வெச்சுக்கோங்க. பலவந்தத்துக்கு அதுதான் சாட்சி.

நஸ்ரின், 11:08
இன்னொண்ணு. பழைய சைக்கிளை விக்கும்போது 'ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்'னு வாங்கிட்டு ஓடிட்டா அது ஏமாத்து, திருட்டு இல்ல. நீங்களே கையில கொடுத்தீங்கன்னு விலக்கிடுவாங்க.

உமா, 11:20
கடைக்காரர் 30,000-க்குப் போட்டா பிரீமியம் கம்மின்னு சொன்னார். போடலாமா?

சங்கரன் சார், 11:31
வேண்டாம். கண்டிஷன்ஸ்ல 'ஆவரேஜ்'னு ஒரு பத்தி இருக்கும், பாரு. 42,500 சைக்கிளை 30,000-க்குப் போட்டு, 12,000-க்கு ரிப்பேர் வந்தா, அதே விகிதத்துலதான் தருவாங்க, 8,470. அதுலயும் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் நாமே ஏத்துக்க வேண்டிய தொகை, கழிப்பாங்க. முழு பில் தொகைக்குப் போடு.

திங்கக்கிழமை பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்த மெயிலை கம்பெனி முகவரிக்கே அனுப்பு, கடைக்கு இல்ல:
"1) அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பூட்டி நிறுத்திய சைக்கிள் திருடு போனால் கவர் உண்டா? 2) டியூஷன், பள்ளி வாசலில் பூட்டி நிறுத்தினால்? 3) எந்த வகைப் பூட்டு வேண்டும், அதன் பில் தேவையா? 4) சக்கரம், சீட் தனியாகத் திருடு போனால்? 5) சிஎஸ்ஆர் போதுமா, எஃப்ஐஆர் கட்டாயமா?"
பதிலை பாலிசியோட பிரின்ட் எடுத்து வை.

கார்த்தி, 11:35
எல்லாம் செஞ்சும் ரிஜெக்ட் பண்ணிட்டா?

நஸ்ரின், 11:44
முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னா, அல்லது பதில் சரியில்லைன்னா, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், அதாவது இந்தப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி. சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ-யோட 155255-க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம். ரிஜெக்ட் லெட்டர்ல பாலிசியோட எந்தப் பிரிவு நம்பர்படின்னு கண்டிப்பா எழுதி வாங்குங்க.

பாஸ்கர் அண்ணா, 11:50
உமாம்மா, பில்லுல ஃப்ரேம் நம்பர் இருக்கா பாருங்க. மாடல் பேர் மட்டும் போட்டுக் கொடுத்திருப்பாங்க.

உமா, 11:53
இல்ல அண்ணா, மாடலும் கலரும்தான். நம்பர் எங்க இருக்கும்?

பாஸ்கர் அண்ணா, 11:55
சைக்கிளைத் தலைகீழா நிறுத்துங்க. பெடல் அச்சு போற உருளைக்கு அடியில குத்தியிருக்கும். டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க.

உமா, மதியம் 12:14
தெரியுது. ஆனா பெயின்ட் மூடியிருக்கு. அஞ்சாவது எழுத்து 3-ஆ 8-ஆன்னு புரியல.

பாஸ்கர் அண்ணா, 12:16
சாக்பீஸை மேல தேய்ச்சுட்டு, காஞ்ச துணியால ஒரு தடவை துடைங்க. பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும்.

உமா, 12:22
8-தான் அண்ணா. படம் எடுத்துட்டேன். பில்லைத் திருத்தித் தரச் சொல்லி கடைக்குக் கிளம்புறேன்.