[கலைச்சொல்] ஏரிக்குள் நீர் சட்டென்று சில்லிடும் இடம்: 'தெர்மோகிளைன்' தமிழில் என்ன?

ஆஸ்டினிலிருந்து, செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை இரவுக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

டெக்சாஸில் ஜூன் மாத முதல் சனிக்கிழமை உரிமம் இல்லாமலே யாரும் பொது நீர்நிலைகளில் தூண்டில் போடலாம். எங்கள் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் இந்த வருடம் அன்றைக்கு ஏரிக்குப் போகிறோம். பெற்றோரில் பாதிப் பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. அவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். கோடைத் தொடக்கத்தில் பாஸ் என்ற நன்னீர் மீனை எங்கே தேடுவது, வெயிலும் மேகமும் காற்றும் மாறினால் நாம் எதை மாற்றிக்கொள்வது என்பதுதான் பொருள்.

ஐந்து பக்கம் தடையில்லாமல் வந்துவிட்டது. முட்டையிட்டுக் களைத்த பெண் மீன்கள் கரையை விட்டு ஆழத்துக்கு நகரும். விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் இரைதேடிக் கரையோரம் வரும். அப்போது மேல்நீரில் இழுக்கும் பொய்யிரை போதும். வெயில் ஏறினால் நிழலுக்கும் ஆழத்துக்கும் போய்விடும். இதெல்லாம் சரி. ஆறாம் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன்.

வெயிலில் மேல்நீர் சூடேறி இலேசாகி மிதக்கிறது. குளிர்ந்த கனத்த நீர் அடியில் தங்குகிறது. இரண்டும் கலப்பதில்லை. நடுவில் ஒரு மெல்லிய பகுதியில் மட்டும் வெப்பநிலை கிடுகிடுவென்று இறங்குகிறது. கோடை வளர வளர அதற்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மட்கும் இலைதழை அதைத் தின்றுவிடும், மேலிருந்து புதிதாக இறங்க வழியில்லை. அதனால் டிராவிஸ் ஏரி போன்ற ஆழமான தேக்கங்களில் கோடை முற்றியபின் அந்தப் பகுதிக்குக் கீழே தூண்டிலை இறக்குவது வீண். அந்த நடுப்பகுதிதான் தெர்மோகிளைன். 'வெப்பநிலை திடீரெனக் குறையும் இடைப்பட்ட நீரடுக்கு' என்று ஒரே பக்கத்தில் ஐந்து முறை எழுதியிருக்கிறேன். எனக்கே மூச்சு வாங்குகிறது. உதவுங்கள்.

மதுரையிலிருந்து, செவ்வாய் மாலை

அம்மா, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் 'கிளினேன்' என்றால் சாய்தல். சாய்ந்து படுக்கும் கட்டில் வழியாகக் 'கிளினிக்' வந்தது. நிலத்தின் சாய்வைக் குறித்த சொல்லிலிருந்து 'கிளைமேட்' வந்தது. ஆக, நீங்கள் வானிலைக் கையேட்டில் தேடும் சொல்லும் தட்பவெப்பத்துக்கான சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நமக்கும் 'சாய்' உண்டு. சாயல், சாய்வு, ஏன், பொழுது சாயும் காலமே சாயங்காலம்.

ஆனால் இங்கே சாய்வை விட எல்லைதான் முக்கியம் என்பது என் எண்ணம். தண்ணீர் என்ற சொல்லிலேயே 'தண்' இருக்கிறது. வெந்நீர் முடிந்து தண்ணீர் தொடங்கும் வரம்பு எதுவோ அது 'தண்வரை'. வரை என்றால் கோடு, எல்லை. இரண்டே அசை. குழந்தை வாயிலும் நிற்கும்.

இன்னொன்று. 'ஆக்சிஜன்' வேண்டாம், 'உயிர்வளி' என்று எழுதுங்கள். பாஸ் என்பதைக் கொடுவா என்று சொன்னால் என்ன?

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, மன்னிக்கவும். சாயங்காலத்தின் 'சாயம்' வடசொல் என்றுதான் நான் படித்தேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.

கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். வகுப்பில் 'வெப்பச் சரிவடுக்கு' என்று சொல்லிவருகிறேன். காரணம் இருக்கிறது. இந்தச் சொல் தனிப்பிள்ளை இல்லை. உப்பளவு சட்டென்று மாறும் அடுக்கு, அடர்த்தி மாறும் அடுக்கு என்று உடன்பிறப்புகள் உண்டு. சரிவடுக்கு என்று வைத்துக்கொண்டால் உவர்ச் சரிவடுக்கு, அடர்ச் சரிவடுக்கு என்று குடும்பமே வந்துவிடும். தண்வரையை வைத்துக்கொண்டு உப்புக்கு என்ன செய்வது? விஸ்கான்சினில் ஏரிகளை ஆராய்ந்த பர்ஜ் 1897-இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். ஆழம் ஒரு மீட்டர் கூடும்போது ஒரு பாகை செல்சியசாவது குறைய வேண்டும் என்பது அவர் வழியாக வந்த கணக்கு. அதாவது இது வெறும் கோடு இல்லை, கனமுள்ள அடுக்கு.

கொடுவா கடலும் கழிமுகமும் சார்ந்த வேறு மீன், ஐயா. பாஸ் நன்னீர் மீன், குடும்பமே வேறு. அதை மாற்ற வேண்டாம்.

சட்டனூகாவிலிருந்து, புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். பதினைந்து வருடமாக இங்கே தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சொல் எதுவானாலும், அது எல்லா ஏரிக்கும் பொருந்தாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள், அக்கா. எங்கள் சிக்கமாகா தேக்கம் டென்னசி ஆற்றின் மேலேயே கட்டியது. அணையில் டர்பைன் ஓடினால் நீரோட்டம் எல்லாவற்றையும் கலக்கிவிடும். கோடைத் தொடக்கத்தில் பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பில், தட்டுத்தட்டாக இறங்கும் இடத்தில், மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அங்கே நாங்கள் பார்ப்பது மின் உற்பத்தி நேரத்தை, வெப்பநிலையை இல்லை. ஃப்ளோரிடாவில் ஒக்கிசோபி ஏரி சராசரியாக மூன்று மீட்டர்கூட ஆழமில்லை. காற்றடித்தால் அடிவரை கலந்துவிடும். உங்கள் அடுக்கு அங்கே நிலைக்கவே நிலைக்காது.

ஆழமான ஏரியில் மட்டும் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் திரையில் உணர்திறனை ஏற்றினால் தரைக்கு மேலே மங்கலாக ஒரு பட்டை, புகை படிந்தது போல, படகு போகும் தூரமெல்லாம் ஒரே ஆழத்தில் கூடவே வரும். மீனைக் காட்டும் வளைகோடுகள் அதற்கு மேலேதான் இருக்கும். என்னைக் கேட்டால் 'தெர்மோகிளைன்' என்றே எழுதுங்கள். ஏரிக்கரைக் கடையில் அந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள்.

டொராண்டோவிலிருந்து, புதன் மதியம்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு ஓசோன் படை, மண்படை என்றுதான் பழக்கம். வெப்பநிலை மாறும் வீதத்துக்கு எங்கட பௌதிகப் புத்தகத்தில் 'வெப்பநிலைப் படித்திறன்' என்று ஒரு நல்ல சொல் இருக்கு. ஆகவே 'வெப்பப் படித்திறன் படை'. சரிவு என்றால் மலைச்சரிவு, பங்குச்சந்தைச் சரிவு என்று மனம் எங்கோ போய்விடும். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றில்லை என்பதையும் கோவை நண்பர் யோசிக்க வேண்டும்.

இங்கே தென் ஒன்ராறியோவில் பெரும்பாலான இடங்களில் ஜூன் பாதி கடந்த பிறகுதான் பாஸ் பிடிக்க அனுமதி. அதுவரை ஆண் மீன் கூட்டைக் காத்துக்கொண்டு நிற்கும். டெக்சாஸில் முட்டைக்காலம் முடிந்து போகும் நாளில் எங்களுக்கு அது நடந்துகொண்டிருக்கும். உங்கள் கையேடு இங்கே வந்தால் 'கோடைத் தொடக்கம்' என்ற சொல்லையே மாற்றி எழுத வேண்டி வரும்.

டாலஸிலிருந்து, புதன் இரவு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கரூர்ப் பக்கம். சித்திரை வெயிலில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மேல்படியிலிருந்து குதிப்போம். நெஞ்சுவரை தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலை நேராகக் கீழே நீட்டினால் முழங்காலுக்குக் கீழே சட்டென்று சில்லிடும், யாரோ பனிக்கட்டியைத் தேய்த்தது போல. 'அடித்தண்ணிக்குப் போகாதடா, நடுக்கம் வந்துரும்' என்று பாட்டி மேலிருந்து கத்துவார். சோனார் இல்லாமலே அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்று எங்கள் காலுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு 'சில்லடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள். விளக்கமே வேண்டாம்.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

டாலஸ் அம்மாவின் கிணறு கண்ணை நிறைத்தது. ஆனால் 'சில்' என்பதற்குச் சங்கத்தில் 'சிறிய, சிலவான' என்ற பொருள் வலுவாக உண்டு. உடைந்த ஓடும் சில்தான். குளிரைச் சுட்ட நமக்குத் 'தண்' இருக்க ஒலிக்குறிப்புக்கு ஏன் போக வேண்டும்? நாகர்கோவில் பக்கம் இன்றும் 'தணுப்பு' என்கிறார்கள். படை என்றால் இங்கே பிள்ளைகளுக்குப் போர்ப்படைதான் நினைவுக்கு வரும்.

பொய்யிரை என்ற சொல் சரிதான். ஆனாலும் வள்ளுவர் ஒன்று தந்திருக்கிறார். சூதில் வென்ற பொருளை 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று' என்கிறார் (931). பரிமேலழகர் பொன்னை இரும்பு என்று உரைப்பார். மின்னும் உலோக இரைக்குத் 'தூண்டிற்பொன்' என்று பெயர் வைக்கலாம். மேல்நீரில் இரையைப் பாய்ந்து கவ்வும் மீனைப் பார்க்க வேண்டுமா? குறுந்தொகை எட்டாம் பாட்டில் மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைப் பழன வாளை கவ்வுகிறது. உங்கள் விடியற்காலைத் தூண்டில் அதுவேதான்.

சட்டனூகாவிலிருந்து, வியாழன் காலை

ஐயா, கோடையில் ஆற்றுப்படுகை விளிம்புகளில் நாங்கள் இறக்குவது கரண்டி வடிவத் தகடுதான். இலை உதிர்வது போல மின்னிக்கொண்டே விழும். தூண்டிற்பொன்! இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த இழையில் இருந்தது போதும்.

கோவையிலிருந்து, வியாழன் மாலை

சில்லடுக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பொருள் பிசகுகிறது. காலில் சில்லென்று பட்டது அடிநீர். நமக்கு வேண்டியது அதற்கும் மேல்நீருக்கும் நடுவே இருப்பது. சில்லடுக்கு என்று குழந்தை படித்தால், ஏரியின் குளிர்ந்த அடிப்பகுதி முழுவதையும் அதுவே என்று நினைக்கும். அப்புறம் மீன் அதற்கு மேலே, அதிலே, கீழே என்று நாம் சொல்லும் மூன்றும் குழம்பிப்போகும். டொராண்டோ நண்பர் சொன்னதும் உண்மை, 'வெப்பநிலைச் சரிவடுக்கு' என்பதே துல்லியம். நீளம் கருதித்தான் 'நிலை'யை விட்டேன். வெப்பமானியை வெப்பநிலைமானி என்று யாரும் சொல்வதில்லையே.

டொராண்டோவிலிருந்து, வியாழன் இரவு

சரி, படையை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கையேடு இணையத்துக்கு வந்தால் அடைப்புக்குள் 'படை' என்றும் போடுங்கோ. எங்கட பிள்ளைகளும் படிப்பினம்.

ஆஸ்டினிலிருந்து, வெள்ளி மாலை

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு என் ஒன்பது வயது மகனிடம் எல்லாச் சொல்லையும் படித்துக்காட்டினேன். தண்வரைக்கு 'எதுவரை?' என்று கேட்டான். சரிவடுக்குக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் புரிந்ததா என்று தெரியவில்லை. சில்லடுக்குக்குச் சிரித்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான்.

ஆறாம் பக்கத்தில் 'வெப்பச் சரிவடுக்கு' என்று வைத்துவிட்டேன். முதல் முறை வரும்போது அடைப்புக்குள் 'தெர்மோகிளைன். வெப்பப் படை' என்று போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் டாலஸ் அக்காவின் கிணற்றை, ஊர்ப்பெயர் இல்லாமல், நான்கு வரியாக எழுதியிருக்கிறேன். 'சில்லிடும் இடத்துக்குச் சற்று மேலே' என்று மீன் நிற்கும் இடத்தை அதே மொழியில் சொல்லிவிட்டேன். ஆக்சிஜன் அப்படியே இருக்கிறது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நீரோட்டமுள்ள தேக்கத்துக்கும் ஆழமில்லாத ஏரிக்கும் இது பொருந்தாது என்று கட்டம் கட்டிப் போட்டாகிவிட்டது. தூண்டிற்பொன் ஏழாம் பக்கத்தில் படத்தோடு வருகிறது.

மதுரையிலிருந்து, வெள்ளி இரவு

தூண்டிற்பொன் நின்றதில் மகிழ்ச்சி. சரிவடுக்கை நான் ஏற்கவில்லை. சரிவது நீரும் இல்லை, அடுக்கும் இல்லை, எண் மட்டும்தான். 'எதுவரை' என்று பிள்ளை கேட்டானே, அதுதான் அந்தச் சொல் கேட்க வைக்க வேண்டிய கேள்வி. மீன் அதுவரைதான் போகும். அடுத்த பதிப்புக்குத் தண்வரையை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.

சட்டனூகாவிலிருந்து, வெள்ளி இரவு

அடுத்த பதிப்பு வரும்போது, ஆற்றுப்படுகையில் தட்டுத்தட்டாக இறங்கும் அந்த விளிம்புக்கும் ஒரு சொல் வேண்டும், ஐயா. நாங்கள் வெறும் 'லெட்ஜ்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.