துண்டுப்பிரதியில் நெருப்பு

*குடும்பக் குழு, வியாழன் இரவு*

சாம்: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமை வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஊழியத்துக்குப் போகிறோம். துண்டுப்பிரதி மாதிரி இதோ. 2000 அடிக்கிறோம், காலையில் பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

சாம்: 📷 படம்

ஜெபராஜ் சித்தப்பா: தம்பி, பட்டாசுக் கடை நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன் 😄

மெர்சி: "இன்றிரவு நீ செத்தால் எங்கே போவாய்?" இதுவா தலைப்பு?

கிரேஸ் அத்தை: சாம், இதை எந்த வார்டில் கொடுப்பாய்?

சாம்: எல்லா வார்டிலும்தான் அத்தை.

கிரேஸ் அத்தை: போன வருஷம் என் நைட் டியூட்டியில் ஒரு அம்மா. விடிந்தால் ஆபரேஷன். யாரோ இதே மாதிரி ஒரு பேப்பரைத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ராத்திரி பிரஷர் ஏறிவிட்டது. "சிஸ்டர், நான் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? அதனால்தான் இதை வைத்தார்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். வைத்தவர் அந்த அம்மாவின் பேரைக்கூடக் கேட்கவில்லை.

சாம்: அது தப்புதான் அத்தை. அதற்காகச் சொல்லாமலே இருக்க முடியுமா? எசேக்கியேல் 33 பாருங்கள். பட்டயம் வருவதைக் கண்டும் காவற்காரன் எக்காளம் ஊதாவிட்டால் இரத்தப்பழி அவன்மேல். நரகத்தைப் பற்றி அதிகம் பேசியதே இயேசுதானே?

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 6:40

மெர்சி: பெரியப்பா, பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியாது. எழுதுங்களேன்.

பெரியப்பா: கண்ணாடி எடுத்து வருகிறேன்.

பெரியப்பா: சாம் சொன்னது சரி. நாம் நரகம் என்று படிக்கிற இடத்தில் பெரும்பாலும் கிரேக்கத்தில் கெகன்னா என்று இருக்கும். புதிய ஏற்பாட்டில் 12 தரம். 11 இயேசு சொன்னது, ஒன்று யாக்கோபு 3:6.

பெரியப்பா: ஆனால் யாரிடம் சொன்னார் என்று பார். பெரும்பாலும் சீஷர்களிடம், அப்புறம் வேதபாரகர் பரிசேயரிடம். கிணற்றடியில் வந்த சமாரியா ஸ்திரீயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுக்கு ஐந்து புருஷர் இருந்ததைச் சொன்னார், நரகம் என்ற பேச்சே இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் முழுவதும் கெகன்னா ஒரு தரம்கூட வராது.

சாம்: ஆனால் பவுல் அத்தேனேயில் நியாயந்தீர்க்கும் ஒரு நாளைப் பற்றிச் சொன்னாரே. 17:31.

பெரியப்பா: சொன்னார். கடைசியில். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்தார், அவர்கள் பலிபீடத்தைப் பற்றிப் பேசினார், அவர்கள் புலவர் வரியையே எடுத்துச் சொன்னார். லீஸ்திரா ஊரில் மழையையும் செழிப்புள்ள காலங்களையும் பற்றித்தான் பேச்சு. பேலிக்ஸிடம் மட்டும் நேரே நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு. அவன் தேசாதிபதி. பக்கத்தில் இருந்த அவன் மனைவி துருசில்லாள் முதல் புருஷனை விட்டு வந்தவள். பவுலிடம் லஞ்சம் கிடைக்குமா என்று வேறு பார்த்துக்கொண்டிருந்தான். கைதி பேசுகிறான், தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் பயப்படுகிறான்.

ஜெபராஜ் சித்தப்பா: அப்படியானால் சபைத் தேர்தல் வருகிறதே, கமிட்டிக்கு ஒரு கட்டு எடுத்து வை சாம் 😂

மெர்சி: 😂😂 சாம், இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். சுனாமி படத்துக்குக் கீழே "தேவகோபம்" என்று போட்டிருக்கிறாய்?

கிரேஸ் அத்தை: ஐயோ, அதை எடு முதலில். 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியில் போனவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலுக்கு வந்தவர்கள்.

பெரியப்பா: லூக்கா 13. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா? இல்லை என்கிறார் இயேசு.

சாம்: அடுத்த வரியிலேயே மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்கிறாரே பெரியப்பா!

பெரியப்பா: ஆமாம். உயிரோடு எதிரில் நின்றவர்களிடம் சொல்கிறார். நீ செத்தவர்கள் படத்தைப் போட்டிருக்கிறாய்.

சாம்: சரி, சுனாமி படம் போய்விட்டது.

பெரியப்பா: நான் உபதேசியாராக இருந்த புதிதில் உன்னைப் போலத்தான். பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு தெருமுனையில் நரகம் நரகம் என்று கத்துவேன். ஒரு நாள் பனையேறுகிற பெரியவர் ஒருவர் எழுந்து, "உபதேசியாரே, எங்க அப்பாவும் அங்கேதான் கிடக்காரா?" என்றார். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மெர்சி: இதைச் சொன்னதே இல்லையே! அப்புறம்?

பெரியப்பா: இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் பனந்தோப்புக்குப் போனேன். பதநீர் கொடுத்தார். "உங்க அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டான், எனக்கும் அவ்வளவுதான் தெரியும். எனக்கும் உமக்கும் கணக்கு உண்டு, அது மட்டும் நிச்சயம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓலைப் பட்டையில் இன்னொரு தரம் பதநீர் ஊற்றினார். அதற்குப் பிறகுதான் என்னோடு பேச ஆரம்பித்தார்.

சாம்: பெரியப்பா, நியாயத்தீர்ப்பு என்ற வார்த்தையை மட்டும் நான் எடுக்க மாட்டேன்.

பெரியப்பா: எடு என்று யார் சொன்னது? எடுத்தால் சிலுவைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். "நீ" என்று இருப்பதை "நாம்" என்று மாற்று. படித்துவிட்டு ஒருவன் நின்று கேட்டால், பஸ்ஸை விட்டுவிட்டு அவனோடு உட்காரு.

கிரேஸ் அத்தை: ஆஸ்பத்திரிக்குப் பேப்பரே வேண்டாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாருங்கள். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பிளாஸ்கில் கஞ்சி கொண்டு வந்தால் போதும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள்.

சாம்: சரி அத்தை. 1000 போதும் என்று பிரஸ்ஸில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நெருப்பு டிசைனுக்கு 500 ரூபாய் கொடுத்தாகிவிட்டது 😭

ஜெபராஜ் சித்தப்பா: எனக்கு அனுப்பு. நம் வீட்டுக் கறிக்குழம்புப் படத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறேன்.